தோட்டத்துக் கேள்விகள்: கத்தரிக்குக் காய்ச்சல் பார்க்கும் கமரா

போன இதழில் கொடித்தோடையைப் பற்றி எழுதியபோது, ரொறன்ரோவில் இருக்கும் என் பெறாமகன் கைத்தொலைபேசியில் செருகுகிற தேர்மல் கமரா (சூட்டைப் படமாகக் காட்டும் வெப்பக் கமரா) ஒன்றைக் கொண்டுவந்து தந்ததாக ஒரு வரி போட்டிருந்தேன். கொடித்தோடையைப் பற்றி ஒரு கடிதம்கூட வரவில்லை. வந்ததெல்லாம் அந்த ஒரு வரியைப் பற்றித்தான். சரி, இந்த முறை பக்கம் முழுவதும் கமராவுக்கே.

கேள்வி: ரீச்சர், எனக்கும் அண்ணா கனடாவில் இருந்து இதே மாதிரி ஒன்று அனுப்பியிருக்கிறார். எட்டுப் பரப்பில் மிளகாய் நிற்கிறது. எந்தக் கன்றுக்குத் தண்ணீர் வேண்டும் என்பதைக் கமராவே சொல்லிவிடும் என்கிறார். நம்பலாமா?
(உரும்பிராய் வாசகர்)

பாதி நம்பலாம், தம்பி. முதலில் நம்பக்கூடிய பாதியைச் சொல்கிறேன்.

வேர் உறிஞ்சுகிற தண்ணீரில் மிகப் பெரிய பங்கை இலை ஆவியாகத்தான் விட்டுவிடுகிறது. பாடசாலையில் ஆவியுயிர்ப்பு என்று படித்திருப்பீர்கள். ஒரு லீற்றர் தண்ணீர் ஆவியாகப் போக ஏறத்தாழ 2,400 கிலோயூல் வெப்பம் வேண்டும். கேத்திலில் ஒரு லீற்றர் தண்ணீரைக் கொதிக்கும் நிலைக்குக் கொண்டுவரச் செலவாகும் வெப்பத்தைப் போல எட்டு மடங்கு அது. அவ்வளவும் இலையில் இருந்தே போவதால் இலை குளிர்கிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே கணக்குத்தான். தண்ணீர் தட்டுப்பட்டால், ஆவி வெளியேறும் நுண்துளைகளான இலைவாய்களைக் கன்று மூடிக்கொள்ளும். மூடினால் குளிர்ச்சி நின்று இலை சூடேறும். இலை தொங்கி, எங்கள் கண்ணுக்கு வாட்டம் தெரிவதற்கு முன்பே இது நடந்துவிடும். அந்தச் சூட்டைத்தான் கமரா காட்டுகிறது. அமெரிக்காவில் அரிசோனாவில் இட்சோ, ஜாக்சன் என்ற ஆய்வாளர்களின் குழு இதை வைத்தே பயிரின் தண்ணீர்த் தவிப்பை அளக்க ஒரு சுட்டியை 1981இல் உருவாக்கியது.

ஆனால் திரையில் 35 பாகை என்று வந்தால் அது கூடவா குறைவா? அது தனியாக ஒன்றும் சொல்லாது. வெயில், காற்று, ஈரப்பதன் எல்லாம் சேர்ந்து அந்த இலக்கத்தை ஆட்டிவிடும். போதாததற்கு, இந்தச் சின்னக் கமராக்களின் இலக்கம் இரண்டு பாகை முன்பின்னாக இருக்கும் என்று பெட்டியிலேயே போட்டிருக்கிறது. அதனால் ஒப்பிட்டுத்தான் பார்க்க வேண்டும். நான் செய்கிற விதத்தைச் சொல்கிறேன், காசு செலவில்லாத வேலை.

பகல் பதினொன்றுக்கும் ஒன்றுக்கும் இடையில், முகில் மறைக்காத நேரமாகப் பார்த்து, ஒரே கன்றில் ஒரே அளவாக வெயில் படுகிற மூன்று இலைகளைத் தெரிவு செய்யுங்கள். ஒன்றுக்கு இரண்டு பக்கமும் வாஸ்லீன் மெல்லிதாகப் பூசுங்கள். அடிப்பக்கத்தை விட்டுவிடாதீர்கள், இலைவாய்கள் கனக்க இருப்பது அங்கேதான். இன்னொன்றைத் தண்ணீர் தெளித்து நனையுங்கள். மூன்றாவதை அப்படியே விடுங்கள். பத்து நிமிடம் பொறுத்து, நனைத்த இலை காய்ந்திருந்தால் மறுபடி நனைத்து, மூன்றையும் ஒரே படத்தில் எடுங்கள். நனைத்த இலை, இதற்குமேல் குளிர முடியாது என்ற எல்லை. வாஸ்லீன் பூசிய இலை, வாயை முழுக்க மூடினால் இவ்வளவு சுடும் என்ற எல்லை. பூசாத இலை இந்த இரண்டுக்கும் இடையில் எங்கே நிற்கிறது என்பதுதான் உங்களுக்கு வேண்டிய பதில்.

பங்குனி மாதம் என் மிளகாயில் நிழல் வெப்பநிலை 32ஆக இருந்த ஒரு பகலில், நனைத்தது 29, வாஸ்லீன் 37, சும்மா விட்டது 31. நன்றாகக் குடிக்கிறது என்று அர்த்தம். இறைப்பை மூன்று நாள் நிறுத்திப் பார்த்தேன், சும்மா விட்ட இலை 35க்கு ஏறிவிட்டது. கண்ணுக்குக் கன்று பச்சைப்பசேலென்றுதான் நின்றது. அன்று பின்னேரமே இறைத்தேன். முன்பெல்லாம் பக்கத்துத் தோட்டத்தில் மோட்டர் சத்தம் கேட்டால் நானும் போய் மோட்டரைப் போடுவேன். எங்கள் பக்கத்தில் பலருடைய இறைப்பு முறை அதுதானே! ஆறில்லாத ஊரில், சுண்ணக்கல்லுக்குள் தேங்கிய மழைத்தண்ணீரைத்தான் இறைக்கிறோம். கூட இறைத்தால் போட்ட யூரியாவும் கரைந்து அதே கிணற்றுக்கே திரும்பிப் போகிறது. வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று கூடிக்கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி நம்பக்கூடாத பாதி. இதில் நானே பட்டுவிட்டேன்.

போன சித்திரையில் கிணற்றடிக் கத்தரி வரிசையைப் படம் எடுத்தபோது, திரையில் நடுவில் நான்கு கன்றுகள் மட்டும் மஞ்சளாகத் தெரிந்தன, மற்றவை எல்லாம் ஊதா. (இந்தக் கமராவில் மஞ்சள் என்றால் சூடு, ஊதா என்றால் குளிர்.) எனக்கு ஒரே புளுகம். வாடுவதற்கு முன்பே கண்டுபிடித்துவிட்டேனே! அந்த நான்குக்கும் தனியாக இரண்டு வாளி தண்ணீர் ஊற்றினேன். அடுத்த நாள் இன்னும் மஞ்சள். மறுபடி ஊற்றினேன். மூன்றாம் நாள் ஏழு கன்று மஞ்சள். அப்போதுதான் புத்தி வந்து பாத்திக்குள் விரலை விட்டுப் பார்த்தேன். மண் சகதியாக இருந்தது. ஒரு கன்றைப் பிடுங்கி, தண்டின் அடியில் குறுக்காக வெட்டி, கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் வெட்டுமுகம் மட்டும் தொடும்படி பிடித்தேன். இரண்டு மூன்று நிமிடத்தில் வெட்டுமுகத்தில் இருந்து ஊதுபத்திப் புகை தலைகீழாக இறங்குவது போல வெள்ளை இழைகள் இறங்கின. பற்றீரியா வாடல். தண்டுக்குள் தண்ணீர் ஏறும் பாதையைக் கிருமி அடைத்துவிட்டது. மேலே இலை தாகத்தில் சுடுகிறது, கீழே வேர் தண்ணீரில் நிற்கிறது. நான் ஊற்றிய தண்ணீர் கன்றுக்கு உதவவில்லை, கிருமி பக்கத்துக் கன்றுக்குப் போக வழிசெய்தது. ஏழையும் பிடுங்கி எரித்தேன். அந்தப் பாத்தியில் இப்போது கத்தரியும் இல்லை, தக்காளியும் இல்லை, வெண்காயம் நிற்கிறது.

ஆகவே தம்பி, கமரா காட்டுவது "இந்தக் கன்று குடிக்கவில்லை" என்பதை மட்டும். தண்ணீர் இல்லாததாலா, குடிக்க முடியாததாலா என்பதை விரலை மண்ணில் விட்டுத்தான் பார்க்க வேண்டும். இரண்டு அங்குல ஆழம் போதும்.

எட்டுப் பரப்பையும் வரம்பில் நின்று ஒரே படமாக எடுக்கலாம் என்றும் நினைக்காதீர்கள். என்னுடையதில் 256க்கு 192 புள்ளிகள், ஆக ஐம்பதாயிரத்துக்கும் குறைவு. ஒரு மீற்றர் தூரத்தில் ஒரு புள்ளி 4 மில்லிமீற்றர் அகலத்தைப் பார்க்கும். பத்து மீற்றர் தள்ளினால் 4 சென்ரிமீற்றர். மிளகாய் இலையின் அகலமே அவ்வளவு இல்லை. அப்போது இலையின் சூடும் சுடுமண்ணின் சூடும் ஒரே புள்ளிக்குள் கலந்து, முழுத் தோட்டமும் தவிப்பது போலத் தெரியும். கிட்டப் போங்கள்.

கேள்வி: வாழைத் தோட்டத்துக்குப் போகும் நிலத்தடிக் குழாய் எங்கேயோ ஒழுகுகிறது. முழு நீளத்துக்கும் கிண்டாமல் இடத்தைப் பிடிக்க முடியுமா?
(நீர்வேலி வாசகர்)

தண்ணீர் மேல்மண் வரைக்கும் ஊறி வந்தால் பிடிக்கலாம். கமரா மண்ணுக்குள்ளே பார்ப்பதில்லை, மண்ணின் தோலை மட்டும்தான் பார்க்கிறது. வெயிலில் காய்ந்த செம்மண் மத்தியானத்தில் 50 பாகையையும் தாண்டும். ஈரம் ஊறிய இடம் ஆவியாகிக் குளிர்ந்து, படத்தில் கறுத்த திட்டாகத் தெரியும். இரண்டு நாள் அந்தக் குழாய்க்குத் தண்ணீர் விடாமல் மண்ணைக் காயவிடுங்கள். பிறகு காலையில் குழாயின் வாயை அடைத்து மோட்டரைக் கொஞ்ச நேரம் போட்டுவிட்டு, மத்தியானம் குழாய் போகும் வழியே நடந்து பாருங்கள். வாழை நிழல் சற்று முன்பு விழுந்த இடமும் குளிராகத்தான் தெரியும். அதை ஒழுக்கு என்று நினைத்துக் கிண்டி நான் இரண்டு அடிக் குழி வெட்டியது உண்டு.

உங்கள் பக்கத்தில் மண்படை மெல்லிதாக இருந்து கீழே கல்லில் வெடிப்பும் இருந்தால், ஒழுகும் தண்ணீர் மேலே வராமல் நேரே கீழே போய்விடும். அப்போது கமராவால் பயனில்லை, மூட்டு மூட்டாகத்தான் பார்க்க வேண்டும்.

போகிற போக்கில் மோட்டர்ச் சுவிச்சையும் ஒரு படம் எடுத்துவிடுங்கள். என் வீட்டில் மூன்று வயர்களில் ஒன்றின் முனை மட்டும் மற்ற இரண்டையும்விடப் பளிச்சென்று தெரிந்தது. மின்சார வேலை செய்கிற தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஆணி தளர்ந்து, பிளாஸ்ரிக் உருகத் தொடங்கியிருந்தது. தோட்டத்துக்கென்று வந்த கமரா எனக்கு உழைத்துத் தந்த மிகப் பெரிய லாபம் அதுதான்.

கேள்வி: புதுக் கிணறு வெட்ட இடம் பார்க்கிறோம். வெப்பக் கமராவால் நீரோட்டம் பார்த்துத் தருவதாக ஒருவர் சொல்கிறார். கட்டணமும் கேட்கிறார்.
(புன்னாலைக்கட்டுவன் வாசகர்)

கொடுக்காதீர்கள். முப்பது அடிக் கீழே இருக்கிற தண்ணீரின் சூடோ குளிரோ மேலே வந்து தெரியாது. கடலுக்கு அடியில் நன்னீர் ஊறி வருகிற இடங்களை விமானத்தில் இருந்து வெப்பப் படம் எடுத்துக் கண்டுபிடிப்பது உண்மை. ஹவாய்த் தீவுகளில் அப்படிச் செய்திருக்கிறார்கள். ஆனால் அங்கே அந்தத் தண்ணீர் கடலின் மேற்பரப்புக்கே வந்துவிடுகிறது. உங்கள் வளவில் அப்படி வந்தால் கிணறே தேவையில்லையே!

கேள்வி: இரவில் பாம்பு தெரியுமா? கிணற்றடிக்குப் போகப் பயமாக இருக்கிறது.
(கைதடி வாசகி)

தெரியாது என்று வைத்துக்கொண்டே நடவுங்கள், பிள்ளை. பாம்பு தன் உடம்பைத் தானே சூடாக்குகிற பிராணி இல்லை. கொஞ்ச நேரம் ஓரிடத்தில் கிடந்தால் அந்த மண்ணின் வெப்பநிலைக்கே வந்துவிடும். புடையன் சருகுக்குள் கிடந்தால் திரையில் சருகுதான் தெரியும். ரோர்ச் லைற்றும் காலில் சப்பாத்தும்தான் வழி. எலி, மரநாய், மாமரத்து வௌவால் எல்லாம் விளக்குப் போட்டது போலத் தெரியும். எங்கள் கறுத்தக்கொழும்பானை இவ்வளவு நாளும் அணில்தான் தின்கிறது என்று அணிலைத் திட்டிக்கொண்டிருந்தேன். இரவு பதினொரு மணிக்கு ஒரு படம் எடுத்ததும் வழக்கு வௌவாலுக்கு மாறிவிட்டது.

கேள்வி: தென்னையில் செவ்வண்டு உள்ளே இருப்பதை முன்கூட்டியே கண்டுபிடிக்க உதவுமா? போன வருடம் மூன்று இளந்தென்னை விழுந்துவிட்டது.
(சாவகச்சேரி வாசகர்)

இதைப் பல நாடுகளில் முயன்று பார்த்திருக்கிறார்கள், ஐயா. புழு தண்டுக்குள் குடைந்து, உள்ளே புளித்து அழுகும்போது சூடு உண்டாவது உண்மைதான். ஆனால் தென்னந்தண்டு தடித்த நார், சூட்டை இலகுவில் வெளியே விடாது. வெளிப்பட்டையில் அரைப் பாகை கூடியிருந்தாலும், கிழக்குப் பக்கம் பட்ட காலை வெயில் அதைவிட அதிகமாகச் சுடவைத்திருக்கும். வட்டின் ஓலைகள் மற்ற மரங்களைவிடச் சூடாகத் தெரிந்தால் அது ஒரு குறிப்பு, அவ்வளவுதான். கத்தரிக் கதை இங்கேயும் பொருந்தும். சூடு தெரிந்தாலும் ஏன் என்று அது சொல்லாது.

தண்டில் சின்ன ஓட்டை, அதில் இருந்து மண்ணிறச் சாறு வடிதல், மென்று துப்பிய நார், தண்டில் காதை வைத்தால் கறுமுறு என்று சத்தம். இவற்றைத்தான் பழைய ஆட்கள் பார்த்தார்கள், இன்றைக்கும் அவைதான் உறுதியான அடையாளம். தண்டில் கத்திக் காயம் படாமல் பாருங்கள், பட்ட இடத்தில்தான் வண்டு முட்டை இடும். சந்தேகம் வந்தால் தெங்குப் பயிர்ச்செய்கைச் சபையின் அலுவலரிடம் காட்டுங்கள்.

கேள்வி: ரீச்சர், நான் உயர்தர மாணவன். மாமா வீட்டுக் கமராவால் பார்த்தால், வெயிலில் கை வைக்க முடியாதபடி சுடுகிற சில்வர் குடம் குளிராக இருப்பதாகக் காட்டுகிறது. பழுதா?
(நெல்லியடி மாணவர்)

பழுதில்லை, குடம் உன்னை ஏமாற்றுகிறது. 1800இல் வில்லியம் ஹேர்ச்சல் அரியத்தால் ஒளியைப் பிரித்து, சிவப்புக்கு அப்பால் ஒன்றும் தெரியாத இடத்தில் வெப்பமானியை வைத்தபோது அது ஏறியது என்று படித்திருப்பாய். அந்தச் செந்நிறக்கீழ்க் கதிர்களில் 8 முதல் 14 மைக்ரோமீற்றர் வரையான அலைநீளத்தைத்தான் கமரா வாங்கி, கணக்குப் போட்டு, நிறமாகக் காட்டுகிறது. இலை, மண், தோல், தண்ணீர் எல்லாம் தங்கள் சூட்டுக்கு ஏற்றபடி அந்தக் கதிரைத் தாராளமாக வெளிவிடும். மினுக்கிய உலோகம் கஞ்சன். தன்னுடையதை விடாமல், எதிரே இருப்பதைக் கண்ணாடி போலத் திருப்பிக் காட்டும். நீ பார்த்தது குடத்தில் பட்டுத் தெறித்த குளிர்ந்த வானத்தை. குடத்தில் ஒரு துண்டு கறுத்த இன்சுலேசன் ரேப்பை ஒட்டி, கொஞ்சம் பொறுத்து அந்த ரேப்பைப் பார், உண்மை வரும். தகரக் கூரைக்கும் இதே பிரச்சினை. யன்னல் கண்ணாடிக்கு உள்ளே நின்று வெளித் தோட்டத்தைப் படம் எடுத்தால் உன் முகம்தான் வரும், கண்ணாடி இந்தக் கதிரை விடாது.

நிறங்களை நம்பாதே என்பதையும் மாமாவிடம் சொல். படத்தில் உள்ளவற்றில் ஆகச் சூடானதை மஞ்சளாகவும் ஆகக் குளிரானதை ஊதாவாகவும் அது தானாகவே மாற்றிப் போடும். முழுத் தோட்டமும் ஒரே சூடாக இருந்தாலும், அரைப் பாகை வித்தியாசத்தைப் பிடித்துத் திருவிழா காட்டிவிடும். வெப்பநிலை வீச்சை நீயே 25 முதல் 45 பாகை என்று நிறுத்தி வைத்தால் அந்த ஏமாற்று இல்லை.

கேள்வி: கூட்டெருக் குவியல் சரியாகச் சூடேறுகிறதா என்று பார்க்கலாமா?
(அளவெட்டி வாசகி)

வெளித்தோலைப் பார்த்து என்ன செய்ய? 55 முதல் 65 பாகை வரவேண்டியது நடுவில். ஒரு இரும்புக் கம்பியைக் குத்தி ஐந்து நிமிடம் விட்டு இழுத்துத் தொட்டுப் பாருங்கள். பிடிக்க முடியாமல் சுட்டால் சரி. குவியலைப் புரட்டுகிற நாளில் மட்டும், வெட்டிய முகத்தைக் கமராவால் பார்த்தால் எந்த மூலை குளிர்ந்து கிடக்கிறது என்று தெரியும்.

கேள்வி: 200, 300 டொலர் கொடுத்து இதை வாங்குவது பெறுமதியா?
(கோண்டாவில், மானிப்பாய், பருத்தித்துறை என்று ஐந்து பேர்)

எனக்குச் சும்மா கிடைத்ததால் வைத்திருக்கிறேன். நாலு பரப்புக்குக் குறைந்த வீட்டுத் தோட்டத்துக்கு என் காசில் வாங்கியிருக்க மாட்டேன். அந்தக் காசுக்குச் சொட்டு நீர்க் குழாய் போட்டிருப்பேன். சங்கமாகச் சேர்ந்து பத்துத் தோட்டக்காரர் ஒன்றை வாங்கினால் கதை வேறு. உங்கள் விவசாயப் போதனாசிரியரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

கேள்வி: தாமரைப்பூ தானே சூடேறும் என்று எங்கேயோ வாசித்தேன். உண்மையா, கதையா?
(வண்ணார்பண்ணை வாசகி)

உண்மை. அவுஸ்திரேலியாவில் அடிலெயிட் தாவரவியல் பூங்காவின் தாமரைகளை அளந்து 1996இல் எழுதியிருக்கிறார்கள். வெளியே 10 பாகைக் குளிராக இருந்தபோதும் பூவின் உள்ளே 30க்குக் குறையாமல் இருந்திருக்கிறது. மாப்பொருளை எரித்துச் சூடாக்குகிறது, அந்தச் சூட்டில் வாசம் பரவும், வண்டு வரும். எங்கள் கேணித் தாமரையில் சித்திரை இரவில் பார்த்தால் வித்தியாசம் குறைவு, ஏனென்றால் இரவே சூடு. தை, மாசிப் பனிக்காலத்தில் விடிய எழும்பிப் போய், அன்று விரிய இருக்கும் பூவைப் பாருங்கள்.

தாமரைக்குப் போக நேரமில்லை என்றால் கரணைக்கிழங்கு பூக்கும்வரை பொறுங்கள், அதுவும் தானே சூடேறுகிற இனம்தான். போன ஐப்பசி முதல் மழைக்குப் பிறகு எங்கள் வேலியோரம் இரண்டு நாளாகத் தாங்க முடியாத நாற்றம். எலி செத்துக் கிடக்கிறது என்று இவர் இருட்டில் மண்வெட்டியோடு ஒவ்வொரு கிடுகாகத் தூக்கிப் பார்த்துக்கொண்டு போனார். நான் திண்ணையில் இருந்து கமராவைத் திருப்பினேன். கிடுகுக் குவியலுக்கும் பூவரசுக்கும் நடுவே, எல்லாம் ஊதாவாகக் கிடக்க, ஒரு முழத்துக்கும் குறைந்த உயரத்தில் தடித்த தண்டு ஒன்று மட்டும் மங்கலான மஞ்சளில் நின்றது. கிட்டப் போய்ப் பார்த்தால் கரணைப்பூ. இவர் அதற்கு ஒரு அடி தள்ளி, குழியை ஏற்கெனவே வெட்டி முடித்திருந்தார்.